இரவல் எஞ்சின்

இடது எஞ்சின் எங்களுடையது.
பதினெட்டுத் தவணை, நாலு கட்டியாயிற்று.
வலது எஞ்சின் கடற்படையிடம் இரவல்.
தொண்ணூறு நாள் கெடு.
ரசீதில் என் கையெழுத்து: ஸெல்மா, கிடங்குக் கணக்கு.
மை உலருமுன் ஒரு மழைத்துளி விழுந்து
தேதியை மட்டும் கலைத்தது.

லியபாயாவில் காற்று நிற்பதே இல்லை.
கொட்டகைத் தகரம் இரவெல்லாம் பல்லைக் கடிக்கும்.
அதற்குள்தான் கட்டினோம்.
பைன் மரச் சட்டம். மேலே லினன்.
லினன் மேல் ஏழு பூச்சு.
அந்த நெடி என் மதிய ரொட்டிக்குள்ளும் ஏறியிருந்தது.
ஆறு பேரும் ஒரு தபால் மூட்டையும்
கடலைத் தாண்டி ஸ்டாக்ஹோம் போகலாம் என்று
தியோடோர்ஸ் கிரீஸ்லிஸ் கணக்குப் போட்டிருந்தார்.
காகிதத்தில் அதன் பெயர் மாதிரி ஒன்று.
இரண்டு என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கை
அந்த ஒன்றில் இருந்தது.
தச்சர்கள் வைத்த பெயர் கடன்காரி.

பறந்தது.
முப்பத்தாறு மே, காலை ஐந்தேகால்,
முயல்கள் ஓடுபாதையை விட்டுக்கொடுத்த பிறகு.

புதுசும் பழசும் ஒரே சுருதியில் பாடுமா?
இறங்கி வந்த விமானி புர்வின்ஷ் சொன்னார்:
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் செருப்பு,
அப்படி நடக்கிறது உங்கள் பெண்.
வானத்தில் அதை நேராக வைக்க
ஒரு மிதியை அழுத்தியே வைத்திருந்த கால்
தரையில் அரை மணி நேரம் நொண்டியது.

ஒன்பதாம் முறை மணல் மூட்டை போதவில்லை.
கிரீஸ்லிஸ் சுற்றிலும் பார்த்தார்.
என்னைத் தராசில் ஏற்றினார்.
சப்பாத்தோடு அறுபத்தொரு கிலோ.
சரியாக இருக்கிறது என்றார்.
என்னைப் பற்றி ஒரு ஆண் அப்படிச் சொன்னது
அதுவே முதல் தடவை.
புறப்படுமுன் நானே எழுதினேன்,
நிலைச்சுமைப் பத்தியில்:
மணல் மூட்டை ஐந்து. ஸெல்மா ஒன்று.

மேலிருந்து பார்த்தால்
கால்வாய் யாரோ தைக்க மறந்த கிழிசல்.
என் வீட்டுக் கூரையில் ஓடு இரண்டு இல்லை,
மூன்று வருட ஒழுகலுக்கு அன்று காரணம் கிடைத்தது.
பிறகு கடல்.
அதன் ஓரம் எங்கே என்று தேடினேன்.
இல்லை.
வாந்தி எடுத்தேன், தபால் மூட்டைக்கான இடத்தில்.
இதைக் கணக்கில் எழுதவில்லை.

பதினொரு பறப்பு. மொத்தம் ஏழு மணி நாற்பது நிமிடம்.

தொண்ணூறாம் நாள் குதிரை வண்டி வந்தது,
இரண்டு மாலுமிகளோடு, கலைந்த தேதியுள்ள ரசீதோடு.
தேதி தெரியவில்லையே என்று பார்த்தேன்.
அவர்கள் பிரதியில் தெளிவாகத் தெரிந்தது.
முந்தின இரவே கிரீஸ்லிஸ்
எஞ்சினைத் துடைத்து, ப்ளக் மாற்றி,
எண்ணெயை விளிம்புவரை ஊற்றியிருந்தார்.
இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதாம்.
பன்னிரண்டு போல்ட்டு.
பன்னிரண்டாவது மட்டும் வர மறுத்தது.
யாரும் அதை அவசரப்படுத்தவில்லை.

ரீகாவிலிருந்து கமிட்டி வந்ததோ
அதற்கு நாலாம் நாள்.
ஒற்றைப் பக்கம் பாரம், விமானம் இடதுபுறம் சாய்ந்து நின்றது.
வலது இறக்கைக்கு ஆணி பீப்பாய் ஒன்றைக் கட்டினோம்.
போதவில்லை.
மறுபடியும் தராசு. மறுபடியும் நான்.
கால் தொங்க இறக்கை மேல் உட்கார்ந்தேன்.

ஒருவர் சிரித்தார். ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார்.
மூன்றாமவர் இடது பக்கமாகப் போய்
ஒரே ஒரு படம் எடுத்தார்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.
அதில் எந்தக் குறையும் தெரியாது.
உடம்பு மறைக்கிறது அந்தப் பக்கத்தை,
பீப்பாயை, என்னை.

இலையுதிர் காலத்தில் துணியை உரித்தார்கள்.
தவணைக்காரன் இடது எஞ்சினையும் கொண்டுபோனான்.
கணக்கை மூடும்போது கவனித்தேன்:
மணல் மூட்டை ஐந்தும்
இறக்கியதாக எதிரே டிக் இருக்கிறது.
அடுத்த வரியில் இல்லை.
பேனா கையில்தான் இருந்தது.
அப்படியே விட்டேன்.